புறம் பேசாமை: செயல்முறைப் பயிற்சி

மனித குலத்தைப் பண்படுத்த எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கலாம். ஆனால் அதை ஒரே பிற்பகலில் முடித்துக் கொடுத்த பெருமை, அந்த இஸ்லாமியப் பள்ளியின் "ஆசிரியர் மேம்பாட்டுக் குழு"வையே சேரும். தலைப்பு, "புறம் பேசாமை". குர்ஆன் வசனங்களைக் கிராஅத்தாக ஓதி, முதல்வர் நல்லுரை ஆற்றி, எல்லாம் முறைப்படி நடந்தது.

கணித ஆசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பணி நிரந்தரம் அன்றைய "பங்கேற்பை"ப் பொறுத்தது என்று முதல்வர் காலையிலேயே காதில் போட்டிருந்தார்.

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "புறம் பேசுறது எவ்வளவு பெரிய பாவம்னு உங்களுக்கே தெரியும். வெறும் பேச்சா சொன்னா மனசுல நிக்காது. ஆளுக்கொரு எடுத்துக்காட்டு சொல்லுங்க. பேர் மட்டும் வேண்டாம்."

"இங்க இருக்கிறவங்களப் பத்திச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியர்.

"அஸ்தஃபிருல்லாஹ்! மூஞ்சிக்கு நேரா சொன்னா அது எப்படிப் புறமாகும்? வராதவங்களப் பத்திச் சொல்லுங்க."

வராதவர் ஒரே ஒருவர்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பிலிருந்த நூலகர்.

சபை களைகட்டிவிட்டது.

"பேர் சொல்லல. புத்தகம் அடுக்குற ஒருத்தங்க. மாசம் தவறாம அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வருது!"

"காய்ச்சலாவது மண்ணாவது! போன தடவ துணிக்கடையில பார்த்தேன். சும்மா, எடுத்துக்காட்டுக்குச் சொல்றேன்," என்றார் மொழி ஆசிரியை.

"மாஷா அல்லாஹ்!" என்று பயிற்சியாளர் நெகிழ்ந்தார். முதல்வர் தாங்க முடியாத வேதனையோடு கேட்டார்: "எந்தத் துணிக்கடை?"

கணித ஆசிரியையின் முறை வந்தது. முந்தின நாள் மாலை அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அவள். அதன் உடம்பு அனலாகக் கொதித்தது.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல சார். அந்தப் புள்ளைக்கு நெசமாவே காய்ச்சல்."

"குழுச் செயல்பாடு மிஸ். ஒத்துழைக்கணும்," என்றார் முதல்வர்.

"என்னால முடியாது சார்."

ஆத்திரத்தில் கண் கலங்கியது. முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து கதவில் கை வைத்தபோது, உள்ளே பயிற்சியாளரின் குரல் கனிந்திருந்தது: "இப்போ வேற ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். இப்பத்தான் ஒருத்தங்க எழுந்து வெளிய போனாங்களே..."

நாற்காலிகள் ஆர்வத்தோடு முன்னால் நகர்ந்தன.

மறுநாள் முதல்வர் அவளை அழைத்து, பணி நிரந்தரம் இல்லை என்றார்.

"ஏன் சார்? யார் என்ன சொன்னாங்க?"

முதல்வர் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் கேக்காதீங்க மிஸ். சொன்னா, புறம் பேசின பாவம் என்னைச் சேரும்."