சின்னியின் வயிற்றுக்கு நற்சாட்சி

பினாங்கு,
1927 ஆவணி

தைப்பிங்கில் வாழும் என் மதிப்புக்குரிய மைத்துனர் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு விநாசித்தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

தண்ணீர்மலை முருகன் அருளால் வீட்டில் எல்லோரும் சுகம். பூனையும் சுகம். கோபப்படாமல் மேலே வாசிக்கவும்.

'அந்தப் பூனையின் வயிறு முழுக்கப் புழு, அது அங்கே நிற்கும்வரை உங்கள் வாசற்படி மிதியேன்' என்று எழுதியிருந்தீர்கள். மகள் நல்லம்மாவின் கலியாணத்துக்குத் தாய்மாமன் வராவிட்டால் சனம் என்ன கதைக்கும் என்று உங்கள் தங்கை யோகம்மா அடுப்படியில் அழுதபடி இருக்கிறாள். சின்னியைத் துரத்தினாலோ அரிசிப்பெட்டி எலிக்குத்தான். நான் பிடித்த பிடியை விடாதவன். மாமனும் வரவேண்டும், பூனையும் நிற்கவேண்டும் என்று முடிவுகட்டி நேரே மிருக வைத்தியத் துரையிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வீட்டுப் பூனையைப் பிடித்துப் பார்த்தால் பாதிக்குமேல் வயிற்றில் பூச்சி இருக்குமாம். எலி தின்று வருவது ஒன்று, தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கி வருவது இன்னொன்று, தாய்ப்பாலோடு வருவதும் உண்டாம். வெளியே பார்த்தால் மினுமினுவென்றுதான் இருக்குமாம். கழிவைக் கொண்டுவந்தால் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

சின்னி மானமுள்ள பூனை, ஆள் பார்க்க ஒன்றும் செய்யாது. குடையைப் பிடித்துக்கொண்டு வாழைமரத்தடியில் குந்தியிருந்தேன். அடுத்த வீட்டு நூர் பீவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னாங்க ஆபீஸ் கிராணி, எதைத் தொலைச்சீங்க?" என்றாள். "தொலைக்கேல்லை, காத்திருக்கிறன்" என்றேன். கடைசியில் கிடைத்ததை வாழையிலையில் பொதிந்து, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி வெல்லம் வந்த வெறும் ஓலைக்குட்டானில் வைத்துக் கட்டி, ஆபீஸ் பியூன் சுப்பையாவிடம் கொடுத்தனுப்பினேன். அன்று காலையே உங்களுக்கும் அதேமாதிரி ஒரு குட்டான் பனங்கட்டியைத் தைப்பிங் ரயிலுக்கு அனுப்பிவைத்தேன், மனத்தாங்கல் தீரட்டும் என்று.

பின்னேரம் சுப்பையா சிரித்துக்கொண்டே வந்தான். "தொரைக்கு ரொம்ப சந்தோசங்க ஐயா. ஒரு கொறையும் இல்லைன்னுட்டாரு!"

கேட்டீர்களா மச்சான்? பாதிக்குமேல் கெட்ட ஊரில் எங்கள் சின்னி தப்பியது. இனி வராமலிருக்க உங்களுக்குச் சாட்டு இல்லை. மச்சாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலியாணத்துக்கு முன்னமே வந்து நிற்கவேண்டும். எல்லோருக்கும் முருகன் நோயற்ற வாழ்வு தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
விநாசித்தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் சுப்பையா மறுபடி வந்து நிற்கிறான். "அந்த வெல்லம் இன்னும் இருக்குமான்னு தொரை கேக்குறாரு. பூனையோடதை எப்ப குடுப்பீங்கன்னும் கேட்டாரு" என்கிறான். மச்சான், ரயிலில் வந்த குட்டானைத் திறக்கவேண்டாம். திறந்திருந்தால், கோபத்தில் எறிந்துவிடாமல் திரும்பக் கட்டி அடுத்த ரயிலிலேயே அனுப்பவும். சின்னி இன்னும் மறுபடி வாழைமரத்தடிக்குப் போகவில்லை.