முன்கூட்டியே இனிதே நிறைவுற்ற கருத்தரங்கு

'இனிதே நிறைவுற்றது' பேர்வழிகள் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. காரியம் நடக்கிறதோ இல்லையோ, அது நடந்து முடிந்த செய்தி இவர்களுக்கு முதலில் தயாராகிவிட வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்பே போட்டோ எத்தனை பிரதி என்று பேசி முடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம், "நீங்க எழுந்து நடமாடறீங்கன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்பார்கள். பாவம், அவர் அதற்காகவாவது எழுந்து நடமாட வேண்டும். இப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லையா? அப்படியானால் ஆரணிக்கு வாருங்கள், டாக்டர் சக்கரவர்த்தியைப் பார்க்கலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னஞ்சிறு பல்கலைக்கழகம் ஒன்று தன் வணிக நிர்வாகப் பள்ளியை ஆரணியில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் மாடியில் நடத்திவந்தது. சக்கரவர்த்தி அதன் இயக்குநர். ஜெயவேல் என்று ஒரே ஒரு விரிவுரையாளர், துரைக்கண்ணு என்று ஒரே ஒரு பியூன். மாணவர்கள் அத்தனை பேரும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் கண்டக்டர் விசில் ஊதாமல் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆனால் பள்ளிக்கு 'செய்திகளும் நிகழ்வுகளும்' என்று நான்கு பக்க மாத இதழ் இருந்தது.

நான்கு பக்கம் நிரம்ப வேண்டாமா? மின்விசிறி மாட்டினால் 'காற்றோட்ட மேம்பாட்டுத் தொடக்க விழா'. கரும்பலகைக்குச் சாயம் பூசினால் ரிப்பன் வெட்டு. ஜெயவேல் சளி பிடித்து லீவு போட்டுவிட்டுத் திரும்பினால் அவருக்கு மாலை, பாராட்டுரை, அதற்கு அவர் தும்மிக்கொண்டே ஏற்புரை. "எதுவா இருந்தாலும் பதிவாவணும்ங்க!" இதுதான் சக்கரவர்த்தியின் மந்திரம். வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்த அன்று மனைவி கெங்கம்மாள் தீக்குச்சியைக் கிழிக்கப் போனாள். "இரு, இரு, போட்டோக்காரர் வந்துகினு இருக்கார்" என்று கையைப் பிடித்துவிட்டார். போட்டோக்காரர் வரவில்லை. அன்று குடும்பமே ஓட்டலில் சாப்பிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓர் ஆடி மாதம் அந்தச் சேதி வந்தது. ஆரணிப் பள்ளியில் ஒன்றுமே நடப்பதில்லையாம். மூடிவிட்டு வேலூரில் இருக்கும் பெரிய துறையோடு சேர்த்துவிடலாமா என்று துணைவேந்தரே நேரில் வந்து பார்த்து முடிவு செய்யப்போகிறாராம்.

ஒன்றுமே நடப்பதில்லை! சக்கரவர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆலை மாடியில் தவிட்டைக் கூட்டித் தள்ளி, பெஞ்சுகளைத் தன் தோளிலேயே தூக்கி ஏற்றிப் பள்ளியைத் தொடங்கிய மனிதர் அவர். விழாப் பைத்தியம்தான். ஆனால் அந்தப் பள்ளியின் மேல் அவர் வைத்திருந்த பாசத்தில் பொய் கிடையாது.

ஒரு கருத்தரங்கு ஏற்பாடாயிற்று. 'பட்டு வணிகத்தில் நிர்வாக உத்திகள்' என்று தலைப்பு. துணைவேந்தர் தலைமை. கடைத்தெருவில் பெரிய பட்டுக்கடை வைத்திருந்த சம்பந்தம் சிறப்புரை. கடைசி வருட மாணவி கற்பகம் நன்றியுரை. எல்லாம் சரி, செய்தி? அச்சக முதலாளி பொன்னுசாமி ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். திரும்பிவந்து அச்சடிப்பதற்குள் துணைவேந்தர் முடிவெடுத்துவிட்டால்? பொன்னுசாமி கிளம்புவதற்குள் அச்சேற்றிவிட வேண்டும் என்று சக்கரவர்த்தி உட்கார்ந்து முழுச் செய்தியையும் எழுதிவிட்டார்.

"சார், இன்னும் நடக்கவே இல்லியே சார்" என்றார் ஜெயவேல்.

"நடக்கப்போவுதில்ல?"

"நடக்கப்போவுது."

"அப்புறம் இன்னா பேஜாரு? நடக்கும்ன்றதை நடந்ததுன்னு போட்டா எழுத்து மிச்சம்தான் ஆவும்."

விழா நாளும் வந்தது. "வந்தவங்க எல்லாருக்கும் இதழைக் குடுத்துடு" என்று துரைக்கண்ணுவிடம் சொன்னவர், விழா முடிந்த பிறகு கொடு என்று சொல்ல மறந்துவிட்டார். துரைக்கண்ணு மாடிப்படி அடியிலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம், கற்கண்டு, இதழ் என்று வரிசையாகக் கொடுத்தார்.

முதலில் வந்தவர் சம்பந்தம். படியேறிக்கொண்டே படித்தார். 'திரு. சம்பந்தம் அவர்கள் ஒரு மணி நேரம் ஆணித்தரமாக உரையாற்றினார். அவை அசையாமல் கேட்டது.' அங்கேயே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. சேலை விரித்துக் காட்டினால் நாள் முழுக்கப் பேசுவார்; மைக்கைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சார், நல்லாத்தான் பேசிகீறேன்!" என்றார் சக்கரவர்த்தியிடம். "ரெண்டு நாளா இன்னா பேசறதுன்னே தெரியாம சுத்திகினு இருந்தேன். இப்பதான் நிம்மதி. அப்ப நான் வரட்டுங்களா?"

"ஐயோ, இன்னும் நீங்க பேசலீங்களே!"

"அச்சுல கீதே சார்! மறுபடியும் பேசனா ரெண்டு தபா பேசன மாதிரி ஆவாதா? கடையில கல்யாணப் பார்ட்டி உக்காந்துகினு இருக்காங்க. ஜல்தியா போவணும்."

காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த மாணவர்களும் படித்தார்கள். 'மாணவர்கள் எழுப்பிய கேள்விகள் சிறப்பு விருந்தினரை வியப்பில் ஆழ்த்தின.' ஆழ்த்திவிட்டோமா? அப்படியானால் நமக்கு இங்கே என்ன வேலை என்று மேட்னி சினிமாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் போவதைப் பார்த்து ஒருவராக ஊர்ப் பிரமுகர்களும் கலைந்தார்கள். மிஞ்சியவள் கற்பகம் மட்டும்தான்.

"நீ போவலியாம்மா?" என்றார் சக்கரவர்த்தி.

"நான் ஒரு வாரமா மனப்பாடம் பண்ணியிருக்கேன் சார். நவின்றார்னு நீங்க போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி, நான் நவிலாம போமாட்டேன்."

தெள்ளாரில் ஒரு கட்டிடத் திறப்பு, வழியில் திருமலையில் சமணக் கோயில் தரிசனம், அதற்குப் பக்கத்து ஊரில் இன்னொரு பாராட்டு விழா என்று எல்லாம் முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு துணைவேந்தர் படியேறி வந்தார். காலி நாற்காலிகள் அவரை வரவேற்றன. மேடையருகே சக்கரவர்த்தி, ஜெயவேல், கற்பகம், மைக் செட் வேலு. வந்தவர் கையிலும் இதழ். துரைக்கண்ணு கடமை தவறுகிற ஆளா?

துணைவேந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். '"இப்பள்ளி என்றென்றும் ஆரணியிலேயே நீடிக்கும்" எனத் துணைவேந்தர் அறிவித்தபோது எழுந்த கரவொலி அடங்க நெடுநேரமாயிற்று.'

"இதை நான் எப்ப சொன்னேன்?"

சக்கரவர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார்.

"நீங்க சொல்லலீங்க ஐயா" என்றார். "ஒண்ணுமே நடக்கலீங்க. எல்லாம் நானா எழுதனது. இந்தப் பள்ளியை எடுத்துகினு பூட்டா என்னால தாங்க முடியாதுங்க ஐயா."

ஜெயவேல் தரையைப் பார்த்தார். தன் இயக்குநர் வாயிலிருந்து அலங்காரமில்லாத ஒரு வாக்கியம் வந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

துணைவேந்தர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தியை இன்னொரு முறை படித்தார்.

"காலையிலிருந்து ரெண்டு விழாவுல பேசிட்டு வரேன்" என்றார். "ஒண்ணுல மைக் வேலை செய்யல. இன்னொண்ணுல எல்லாரும் பந்திக்கு எழுந்து போயிட்டாங்க. நான் ஒழுங்கா பேசினதா தெரியறது இங்க ஒண்ணுதான்." இதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அச்சுல வந்ததை நான் இல்லன்னா எனக்குத்தான் கேவலம். சரி, இங்கயே இருக்கட்டும். ஆனா அந்தக் கரவொலி எங்கேய்யா?"

சக்கரவர்த்தி பாய்ந்தார். ஜெயவேலும் வேலுவும் கீழேயிருந்து ஓடிவந்த துரைக்கண்ணுவும் தட்டு தட்டென்று தட்டினார்கள். செய்தியில் நெடுநேரம் என்று போட்டிருந்ததால் யாராலும் சட்டென்று நிறுத்த முடியவில்லை. துணைவேந்தர் கையைக் காட்டிய பிறகுதான் நின்றது. அப்புறம் கற்பகம் மேடையேறி, திரண்டு வந்திருந்த பெருமக்களுக்கும், அரிய உரையாற்றிய சம்பந்தம் ஐயாவுக்கும், அமைதி காத்த மாணவச் செல்வங்களுக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் நன்றி சொன்னாள். பிரமாதமான நன்றியுரை. பள்ளி ஆரணியிலேயே தங்கியது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சக்கரவர்த்தி, "பள்ளி நமக்கே கெடச்சிடுச்சு!" என்றார்.

கெங்கம்மாள் கரண்டியும் கையுமாக வந்தாள். "இது நடந்துச்சா, நீங்க எழுதனீங்களா?"

உண்மையிலேயே எது என்று அவருக்கே சட்டென்று விளங்கவில்லை. அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் நம்பினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆபீஸில் மேனேஜரை வாங்கு வாங்கென்று வாங்கியதாகப் போன வாரம் வீட்டில் சொன்னீர்களே, வாங்கியாயிற்றா? போகாத கல்யாணத்தில் சாப்பாடு அருமை என்று யாரிடமோ சொன்னீர்களே? அதெல்லாம் போகட்டும். இந்தக் கட்டுரையில் நடுவே இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்துவிட்டு, "படிச்சேங்க, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று யாரிடம் சொல்லலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறீர்களே, முதலில் அந்த இரண்டு பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.