யா கொமிஸ்தே?

"இன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேக்கப்பிடாது, ஆமா..."

"பின்ன என்னத்தக் கேக்க? உங்க சிவப்பு மாட்டையா?"

"ஏட்டி, அது பாடத்துல உள்ளது..."

"நம்ம வீட்டுல மாடா நிக்குது?"

சிவனணைந்தபெருமாளும் செண்பகவல்லியும் ஒரே நேரத்தில் கத்தியதில், நடுவில் உட்கார்ந்திருந்த ஜுஹைனாவின் காபி ஆறிப்போனது.

சண்டை மெக்சிகோவில் இருக்கும் மருமகள் எலேனாவைப் பற்றி. அவளுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் மகன் குமரன். போன வருஷம் அங்கே ஒரு விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறமும் எலேனா ஞாயிறுதோறும் இலஞ்சி வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். மகன் விட்டுப்போன மிச்சம் அந்த ஒரு கூப்பிடல்தான்.

பெருமாள் செல்போனில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தார். அது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கான பாடம். அவர் ஆங்கிலமோ மின்வாரிய வேலையில் ஒட்டிக்கொண்ட ஆங்கிலம். முதல் வாரம், "மாடு சிவப்பு" என்றார். எலேனா மரியாதையாகத் தலையாட்டினாள்.

அடுத்த வாரம், "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?" என்றார். இவர்கள் புறப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அடுத்த முறை கூப்பிட்டபோது, ஓர் அறையைப் பெருக்கிப் புது விரிப்புப் போட்டுக் கட்டிலைக் காட்டினாள். பெருமாள் பதறிப்போய், "நோ, நோ" என்றார். அவள் முகம் செத்துப்போனது.

"உங்க வாயை மூடுங்க" என்று செண்பகவல்லி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் படித்தது ஒரே வாக்கியம். "யா கொமிஸ்தே?" சாப்பிட்டியா?

யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதுதானே அது?

எலேனா திகைத்தாள். மறுவாரம் கேட்டதும் ஒரு தட்டைக் கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் தட்டு பெரிதானது. சோறு, பயறு, ரொட்டி.

"சாப்பிடுத பிள்ளையை உத்துப் பாக்காதீங்க, கண்ணு பட்டுரும்" என்று செண்பகவல்லி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். எலேனா சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

"நம்மளக் கேலி பண்ணுதா. இல்லன்னா, சோத்துக்கு இல்லாதவன்னு நெனைக்கோம்னு வருத்தப்படுதா" என்று தீர்மானித்த பெருமாள், ஸ்பானிஷ் தெரிந்த ஜுஹைனாவைத் தென்காசியிலிருந்து அழைத்து வந்துவிட்டார். தென்காசியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஸ்பானிஷில் பேசுவதுதான் அவள் வேலை.

"குடும்பப் பேச்சுக்கு வெளியாளா?"

"இந்தக் கூப்பிடலும் நின்னு போச்சுன்னா, யாருட்டி நம்மளக் கூப்பிடுவா?"

செண்பகவல்லி போனைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.

போன் அடித்தது. எலேனா திரையில் வந்தாள். முன்னால் ஆவி பறக்கும் தட்டு.

"ஓலா" என்றார் பெருமாள். மனைவியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எலேனா தட்டைத் தொடவில்லை. செண்பகவல்லியையே பார்த்தாள். ஆவி அடங்கியது.

"பாத்தியா? கேக்காம விட்டதும் தின்னுததை நிறுத்திட்டா. நான் சொல்லல?" என்று கிசுகிசுத்தார் பெருமாள்.

எலேனா மெல்ல ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா சொல்லுதா? இனிமே கூப்பிட மாட்டாளாமா?"

ஜுஹைனா, முந்தானையைத் தேடிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி, குமரன் அண்ணன் போனதுலேர்ந்து அவ அடுப்பே பத்த வைக்கதில்லையாம். நீங்க கேப்பீங்கன்னு ஞாயித்துக்கெழம மட்டும் சமைக்குதாளாம். இன்னைக்கு ஏன் அம்மா கேக்கலன்னு கேக்குதா."