ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதாம்

வெள்ளிக்கிழமை, காலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நானும் முறை தவறாதவன் என்பதால் எல்லோரும் நலம் என்றே எழுதுகிறேன். அங்கு நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி விஷயம். எங்கள் காரின் பேட்டரி செத்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும். எப்போதும் போல் கனமான சாதாரண பேட்டரியா, புதிதாக வந்திருக்கும் லேசான பேட்டரியா என்று எனக்கும் உங்கள் அக்காவுக்கும் ஆறு நாளாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. நீங்கள் இருபது வருடமாக ஆலையில் இயந்திரங்களைப் பார்ப்பவர். இயந்திரம் என்று வந்துவிட்டால் அவளுக்கு உங்கள் சொல்தான் வேதம், என் சொல் வெறும் காற்று. ஆகவே "சாதாரண பேட்டரிதான் நல்லது" என்று அவள் பெயருக்கு நீங்கள் ஒரு கடிதம் போட வேண்டும். ஏன் என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு வாசலில் நின்ற காரிலிருந்து எவனோ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையின் மேல் வைத்துவிடுவேன். காலையில் திரும்ப மாட்டுவேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் சாவிக்கொத்திலேயே கிடக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதனால் எங்கள் காரிலுள்ள கடிகாரம் ஒவ்வொரு நாளையும் பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கும், ரேடியோ தினமும் எல்லா நிலையங்களையும் மறந்துவிடும். தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேருடைய பேட்டரி பிறகு திருட்டுப் போனது, நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்தவன் நான். எங்கள் பேட்டரியின் எடை பதினான்கு கிலோ எண்ணூற்று இருபது கிராம். அதைப் பதினைந்து என்று முழுதாக்கிச் சொல்வதுகூட எனக்கு உறுத்தும், உங்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது குடலிறக்க அறுவை முடிந்திருக்கிறதல்லவா, ஆறு மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் பதினைந்து கிலோ தூக்கியதால்தான் குடல் இறங்கியது என்றும் அவர் சொன்னார், அது அவருடைய சொந்தக் கருத்து. பத்து நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீடு திரும்பியதும் முதலில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பேட்டரி பலகையின் மேல் இருந்தது, ஆனால் ப்ளஸ் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. நான் எப்போதும் ப்ளஸ் வாசலைப் பார்க்கும்படிதான் வைப்பேன். கேட்டதற்கு, "பெருக்கும்போது கொஞ்சம் நகத்தினேன்" என்றாள். சரி, நகர்த்துவது வேறு, தூக்குவது வேறு. விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மாடி வீட்டுக்காரர் வந்து பேட்டரியை மாட்டிக் கொடுத்தார், கார் முக்கி முனகிக் கிளம்பியது. டாக்டர் தையலைப் பார்த்து, "பிரமாதம்" என்றார். வெளியே வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு மேல் சும்மா கிடந்ததில் செத்துவிட்டது போலும். தள்ளித்தான் கிளப்ப வேண்டும், நானோ தள்ளக் கூடாது. மருந்துக் கடைக்காரர், வாசல் காவலாளி, உங்கள் அக்கா மூன்று பேரும் பின்னால் நின்று தள்ள, நான் மகாராஜா மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானம் போனது போகட்டும் என்று இருக்கும்போதுதான், பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, ஃபர்ஸ்ட் கியர்ல வச்சா எப்படிங்க? செகண்டுல போட்டு, வேகம் வந்ததும் கிளட்ச்ச சட்டுனு விடுங்க!"

மச்சான், வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் கிளட்ச் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, கேட்டேன்.

"கிளட்ச் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்."

"எந்த ஸ்கூல்? எப்போ?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை. லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு."

வியாழக்கிழமைதோறும் தையல் வகுப்பு எடுக்க அவளை ஊரின் அந்தக் கோடிக்கு நான்தான் காரில் அழைத்துப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் வெளியே காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். வகுப்பே ஒரு மணி நேரம்தானாம்! இரண்டாவது மணி நேரத்தில் பின்வாசல் வழியாகப் போய் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவள் முழுக் காரையே மறைத்திருக்கிறாள். இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு எல் போர்டு வண்டி வாராவாரம் என் பக்கத்திலேயே வந்து திக்கித் திணறி நிற்கும். "இதுக்கெல்லாம் எவன்யா வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறான்" என்று நான் கண்ணாடியை இறக்கிக் கத்தியும் இருக்கிறேன். "அன்னைக்கு நீங்க கத்தினதுல பயந்துபோய்தான் நான் பிரேக்க மிதிச்சேன்" என்கிறாள்.

மறுநாள் பேட்டரிக் கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரருடைய சட்டை முழுவதும் அமிலம் பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும், அதனால் ஓட்டைச் சட்டைக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். இரண்டு பேட்டரிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று நம்முடையதைப் போன்ற சாதாரணம். இன்னொன்று லித்தியமாம், பார்க்க ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கிறது. எடையில் குறைத்ததையெல்லாம் விலையில் ஏற்றிவிட்டார்கள்.

"ரெண்டுமே ஸ்டார்ட் பண்ணும் சார். ஒண்ணு முதுக ஒடிக்கும், இன்னொண்ணு பர்ஸ ஒடிக்கும். எது ஒடியணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"லேசானதுல என்ன குறை?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

"இதுக்குனு தனி சார்ஜர் வாங்கணும். உங்க வண்டி பழசு, அதோட சார்ஜிங் இதுக்கு ஒத்துவருதானு பாத்துத்தான் மாட்டணும். ரொம்பக் குளுந்தா காலைல கொஞ்சம் சோம்பும். அப்புறம், ஹெட்லைட்ட போட்டுட்டு மறந்துட்டீங்கன்னா சாதாரணது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், இது சீக்கிரமே கைய விரிச்சிடும்."

ஹெட்லைட் என்றதும் உங்கள் அக்கா ஏனோ தலையைத் தூக்கிக் கடையிலிருந்த மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு குறையையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். "ரெண்டையும் வீட்டுக்கு அனுப்பறேன் சார், வச்சுப் பாத்துட்டு ஒண்ண எடுத்துக்குங்க" என்று அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இந்த வம்பே அதில்தான் தொடங்கியது.

கடையாள் இரண்டையும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். லேசானதை அவள் கைப்பை மாதிரி விரலில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கனமானதைத் தூக்கத்தானே கூடாது, உருட்டலாமே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பரணிலிருந்த சக்கரம் வைத்த சூட்கேஸை இறக்கி, பேட்டரியைச் சாய்த்து அதற்குள் தள்ளி, பெல்ட்டால் கட்டி இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது. வாசற்படியில் ஒரு சக்கரம் மாட்டியது, நான் கொஞ்சம் இழுத்தேன், அது கொஞ்சம் சாய்ந்தது, பிறகு எல்லாமாகச் சேர்ந்து செருப்பு அலமாரியின் மேல் விழுந்தது. அலமாரி போயிற்று, என் இடது கால் ஷூ தோசைக்கல்லில் வைத்து அழுத்தியது போல் தட்டையாகிவிட்டது. சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டுக்காரர் சூட்கேஸைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கோபிச்சுக்கிட்டு வெளியூர் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர் எத்தன கிலோ சொன்னாரு?"

"அஞ்சு. நான் தூக்கல, இழுத்தேன்."

"அது எத்தன கிலோ?"

மச்சான், வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லியிருப்பேன். எடையில் மட்டும் என் நாக்கு புரளாது. "பதினாலு எழுநூத்தம்பது" என்று சொல்லிவிட்டேன். "அந்தச் சின்னது?" என்றாள். இரண்டையும் கடையிலேயே தராசில் போடச் சொல்லிப் பார்த்திருந்தேன். மேலே மூன்று கிலோ தொள்ளாயிரம் என்று அச்சடித்திருக்கிறான், இருப்பது நான்கு கிலோ அறுபது கிராம். நூற்று அறுபது கிராம் வித்தியாசம், இது சாதாரண விஷயமா! ஆனால் அவளோ, "நாலு பெருசா அஞ்சு பெருசா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது என் தரப்பைச் சொல்கிறேன். சாதாரண பேட்டரியை வாங்கி உள்ளே பலகைமேல் வைத்துவிட்டால் என்னாலும் தூக்க முடியாது, உங்கள் அக்காவாலும் தூக்க முடியாது. வியாழக்கிழமை மட்டும் மாடி வீட்டுக்காரர் வந்து மாட்டுவார், நான் ஓட்டுவேன். மற்ற நாட்களில் கார் நின்ற இடத்தில் நிற்கும். அந்தப் பதினைந்து கிலோதான் பூட்டு. லேசான பேட்டரி வந்துவிட்டால் பூட்டு எங்கே? நான் தூங்கி எழுவதற்குள் அவளே மாட்டி, அவளே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

போனால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் நன்றாகவே ஓட்டக்கூடும், அது எனக்கும் தெரிகிறது. மச்சான், உங்களிடம் மறைப்பானேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது இரண்டே வேலை. ஒன்று, சாயங்காலம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவது. இன்னொன்று, "ஏங்க, கொஞ்சம் கொண்டுபோய் விடறீங்களா?" என்று அவள் கேட்கும்போது சாவியை எடுப்பது. முதல் வேலை டாக்டரால் போய்விட்டது. சாயங்காலமானால் காரைச் சுற்றி வந்து, வெறும் கையோடு உள்ளே வந்து, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருகிறேன். இரண்டாவதும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே கடிதத்தில் இதெல்லாம் வரக் கூடாது. குளிர், தனி சார்ஜர், ஹெட்லைட், பழைய வண்டி, அந்த நூற்று அறுபது கிராம் மோசடி, இவற்றை மட்டும் எழுதவும். எடையைப் பற்றி எதுவும் பொய்யாக எழுத வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். ஓட்டைச் சட்டைக்காரர் அடுத்த புதன்கிழமைக்குள் முடிவு கேட்டிருக்கிறார், தாமதிக்க வேண்டாம். நான் பென்ஷன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதாக உங்கள் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் பிள்ளைகள் படிப்பிலும் குணத்திலும் சிறந்து, நீங்களும் துணைவியாரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாகக் குடலிறக்கம் எதுவும் இல்லாமலும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்தலை ஒட்டிப் போட்டுவிடு என்று உறையை என்னிடமே கொடுத்தார். பென்ஷன் அலுவலகத்துக்கு உன் பெயர் எப்போது வைத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். அத்தான் எழுதியதில் எடை எல்லாம் சரி, மற்றதெல்லாம் தப்பு. பேட்டரி சும்மா கிடந்து சாகவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் நான்தான் தினம் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, அவரைப் பார்க்கக் காரிலேயே போய்வந்தேன். மைனஸ் கடைசியில், எல்லாம் தெரியும். கடைசி நாள் ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிட்டேன், அதுதான் அது செத்த கதை. பதினைந்து கிலோ எனக்கு ஒரு பாரமே இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிடாதே, அவர் தாங்கமாட்டார். லேசான பேட்டரி எனக்கு எதற்கு? அது அவருக்குத்தான். சாயங்காலம் வெறும் கையோடு உள்ளே வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற மனுஷனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டபடியே என் பெயருக்கு ஒரு கடிதம் போடு, ஆனால் லேசான பேட்டரிதான் நல்லது என்று எழுது. வியாழக்கிழமை எப்போதும் போல அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட வேண்டும். போகும்போது அவர் ஓட்டட்டும், வரும்போது நான் ஓட்டறேன். வந்ததும் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவரச் சொல்லுவேன், அது அவர் வேலை.