மீதி மாத்திரைப் பெட்டி

சாப்பிட்டது போக மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாக்கடையில் வீசுவது குற்றம் என்று நீர்ப் பாதுகாப்பு அலுவலகம் அறிவித்தது. தண்ணீரில் கரையும் மருந்தைத் தின்று பழகிய கிருமிகள் எந்த வைத்தியத்துக்கும் அடங்காத ரவுடிகளாகிவிடுகின்றனவாம். ஆகவே பொதுநலன் கருதி வாசலில் ஒரு பச்சைப் பெட்டி வைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பான குமாஸ்தாவின் சொந்தப் பெயர் ஒரே வாரத்தில் காணாமல் போய், பெட்டியம்மா என்றாகிவிட்டது.

அவளுக்கு இந்த வேலையில் உண்மையான அக்கறை இருந்தது. புருஷன் பிளம்பர். அலுவலகத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் குழாய் மாட்டும்போது காலைக் கிழித்துக்கொண்டவர். மூன்று மருந்து மாற்றியும் புண் ஆறவில்லை. நாலாவதும் கேட்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டி நிரம்பியது. நிரம்பினால் என்ன செய்வது என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதிகாரியிடம் போய் நின்றாள்.

"எரிச்சிடலாமா சார்?"

"புகை வரும்மா. அது காற்றுப் பிரிவு. அவங்க அனுமதி வேணும்."

"புதைச்சிட்டா?"

"அது மண் பிரிவு. அவங்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது." அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "நம்ம அதிகாரத்துக்கு உட்பட்டது தண்ணி மட்டும்தான்."

"சார், அந்த வாய்க்கால்லதான் எங்க வீட்டுக்காரர் கால்..."

"பொதுமக்கள் கொட்டினாத்தாம்மா அது மாசு. நாம கொட்டினா அதுக்குப் பேரு அப்புறப்படுத்தல்."

புருஷனின் வைத்தியம் அவள் உத்தியோகத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறப்படுத்தல் உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். ஊர் முழுக்க ஒவ்வொன்றாக வீசியிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். அலுவலகம் அதை அரை மணியில் முடித்தது.

தலைமையகம் பூரித்துப்போய் இலக்கை இரட்டிப்பாக்கியது. ஊழியர், அரசு டாக்டர் எல்லோரும் மாதம் ஆளுக்கு நாற்பது மாத்திரை சேர்த்தாக வேண்டும். வீடுகளிலோ மிச்சம் மீதி இல்லை. அலுவலகம் மொத்தமும் மாத்திரைக்காகப் பொய் இருமல் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

கடைசித் தேதியன்று பெட்டியம்மாவுக்குப் பதினொன்று குறைந்தது. வீட்டில் நாலாவது மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வீக்கம் வடிந்து, மனுஷன் சமையலறை வரை தானாக நடந்து வந்தார்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. மிச்சத்தை எடுத்துட்டுப் போ," என்றார் தாராளமாக.

அது தப்பு என்று ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் எண்ணிப் பார்த்தாள். சரியாகப் பதினொன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போனாள்.

பத்தே நாளில் கால் மறுபடி வீங்கியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, மருந்தை முழுசாக முடித்தாரா என்று கேட்டார்.

"பதினொண்ணு மிச்சம் இருந்துச்சு டாக்டர். முறைப்படி பெட்டியில ஒப்படைச்சிட்டோம்." ரசீதை நீட்டினாள்.

டாக்டர் காலைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார்.

"இந்தக் காலுக்கு இனி மருந்து கிடையாதும்மா," என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் போன மாசக் கணக்குல பதினொண்ணு குறையுது. எழுதிக் கொடுத்தது நான்தானே, ரசீதை என் பேருக்கு மாத்தித் தர முடியுமா?"