ஐந்தாவது சொல்

1958-ஆம் வருஷம், மாணாக்கர்களின் சொல்வளம் வறண்டு கிடப்பதை மேலிடம் கண்டுபிடித்துவிட்டதாக, திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்குலர் வந்தது. ஏரி வறண்டதைக் கண்டுபிடிக்காத மேலிடம் இதைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். இனி நாளொன்றுக்கு ஐந்து உயர்சொற்கள் போதிக்கப்பட வேண்டும். கேழ்வரகைக் கேப்பை என்பது, நிலக்கடலையை மல்லாட்டை என்பது முதலிய தாழ்சொற்கள் பள்ளி எல்லைக்குள் பிரவேசிக்கலாகாது என்று கண்டிருந்தது. டெபுடி இன்ஸ்பெக்டராகிய விருத்தாசலம் என்பவர் பள்ளிக்கு விஜயம் செய்தால் ஒரு மூட்டை மல்லாட்டை ஜீப்பில் ஏறும். அதற்கு மட்டும் யாரும் பெயர் கேட்பதில்லை.

வாத்தியார் நடராசன் பயந்த மனுஷன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது ஆகிற வரைக்கும் அவர் சம்சாரம் ஜெயத்தை அனுப்ப முடியாது என்று பிரம்மதேசத்து மாமனார் தேவநாதன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெர்மனன்ட் ஆவட்டும் மாப்ளே. அப்பறம் வந்து கூப்டுக்கினு போங்க."

பாவம், தானே பொங்கித் தின்று மனுஷன் பாதியாகிவிட்டார். அதனால் சர்க்குலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பள்ளியில் சோறு அன்னமாயிற்று, மாடு ஆவாயிற்று. நாலாங்கிளாஸ் கொளஞ்சி வீட்டுக்குப் போய், "அன்னையே, கேழ்வரகுக் கூழ் அருள்வீராக" என்றாள். அவள் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் காலையில் நாலு சொற்கள்தான் போர்டில் இருந்தன. வாசலில் ஜீப் சத்தம். ஐந்தாவது சொல் வரமாட்டேன் என்கிறது. எதையோ எழுதிவைத்தார் நடராசன்: துமிலிகை. சத்தியமாக அப்படி ஒரு சொல் அதுவரை தமிழில் கிடையாது.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு விளங்காத சொல் வாத்தியாருக்கு விளங்குவது எந்த விதியில் இருக்கிறது? கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"துமிலிகை! எத்தினி வருஷமாச்சுய்யா கேட்டு! எங்க தாத்தா வாய்க்கு வாய் சொல்லுவாரு. ஏம்மா, இத வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

கொளஞ்சி எழுந்தாள். "எங்கப்பா துமிலிகையோட மாட்ட ஓட்டிக்கினு போனாரு சார்."

"பேஷ்! 'ஓட்டிக்கொண்டு'ன்னு சொல்லணும். மத்தபடி துமிலிகையில குத்தமே இல்ல."

இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லை மெச்சி மேலிடத்துக்கு எழுதினார். மேலே இருந்தவர்களும் அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! அடுத்த சர்க்குலர், "துறையின் துமிலிகையை முன்னிட்டு" என்றே ஆரம்பித்தது. விழுப்புரத்தில் ஒரு மேடையில், "துமிலிகை பொங்கும் தாய்நாடே!" என்று ஒருவர் முழங்க, கைதட்டல் அடங்கவே இல்லை. சொல் பிரம்மதேசத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வேலை கெடக்கட்டும் மாப்ளே, மனுஷனுக்கு மொதல்ல துமிலிகை வேணும்" என்றார் மாமனார்.

நிரந்தரம் ஆவதற்கான பரீட்சை விழுப்புரத்தில் நடந்தது. முதல் கேள்வி: 'துமிலிகை' — பொருள் தருக. நடராசனுக்கு உயிர் போய்விட்டது. மேலிடத்துக்குத் தன் குட்டு தெரிந்துவிட்டது, தன்னைப் பிடிக்கத்தான் இந்தக் கேள்வி என்று நினைத்து, இருந்த பயத்தில் உண்மையை எழுதிவிட்டார்: "ஐயா, அப்படி ஒரு சொல் கிடையாது. அவசரத்துக்கு நான்தான் எழுதினேன். மன்னிக்கவும்." மற்றவர்கள் பெருமிதம் என்றும், கருணை என்றும் எழுதினார்கள். ஒருவர் மாட்டின் கழுத்துமணி என்று எழுதினார். எல்லோரும் பாஸ். நடராசன் மட்டும் பெயில்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விட்டார்.

"ஏன்யா, நாலாங்கிளாஸ் பொண்ணுக்குத் தெரிஞ்சது ஒமக்குத் தெரியலியே! அதுல, சொல்லே இல்லன்னு வேற எழுதிக்கினு! எங்க தாத்தா என்ன, பொய்யா சொன்னாரு?"

சொல்வளக் குறைபாட்டை முன்னிட்டு, நடராசனைத் துமிலிகைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். கடைசி நாளில் பேராசிரியர் கேட்டார்: "எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?"

வகுப்பே தலையாட்டியது. நடராசன் அடுப்பை நினைத்தார், புகையை நினைத்தார், ஜெயத்தை நினைத்தார். அவரும் ஆட்டினார். சர்டிபிகேட் கிடைத்தது, வேலை நிரந்தரமாயிற்று, ஜெயமும் வந்து சேர்ந்தாள்.

வந்த அன்றே, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அது என்னாங்க துமிலிகை? அப்பா எந்நேரமும் சொல்லிக்கினு இருக்காரு. அவரக் கேக்க பயம்."

நடராசன் பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார். இப்போது அவர் பெர்மனன்ட் வாத்தியார்.

"அதுகூடவா தெரியாது ஒனக்கு?"

ஜெயம் குழம்பை ஊற்றினாள்.

"தெரியாம என்னா? ஒங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."