பொடி மாஸ்டரும் வெள்ளைக்காரியும்

இந்த இலங்கைத்தீவில், பஸ்ஸில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த ஒரே மனிதர் எங்கள் பொடி மாஸ்டர்தான். வேறு ஆள் இருந்தால் எழுதுங்கள், நான் பேனையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். வாத்தியார் நான். மன்னார் உப்புக்குளத்திலிருந்து தினமும் பாலம் கடந்து, பெருநிலத்தில் இருக்கிற பாப்பாமோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பித்துவிட்டு வந்த டீச்சர். அவர் பஸ்ஸுக்குப் பொடி கட்டுகிறவர். மூக்கில் போடுகிற பொடி அல்ல. என்ஜினும் சில்லும் போக மிச்சமாக இருக்கிற சட்டம், தகரம், கூரை, கதவு எல்லாம் சேர்ந்ததுதான் பஸ்ஸின் பொடி. இங்கிலாந்திலிருந்து துண்டுதுண்டாகப் பெட்டிகளில் வந்திறங்கும் பொடிகளைக் கொழும்பில் ஒரு பட்டறையில் இருந்து பூட்டியவர். கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு சுத்தியலும் உடுக்க இரண்டு சாரமுமாக ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சொந்தப் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்க இடைவெளி விட்டால்தானே!

அது சண்டைக் காலம். புதுப் பஸ் வராது. பழைய பஸ்ஸுக்கு ஆணிகூட வராது. அந்த நேரத்தில் எருக்கலம்பிட்டி ஹாஜியார் ஒருவர், யாரோ ஒருவருடைய வளவில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய இங்கிலாந்து பஸ்ஸை வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். ஒற்றைத் தட்டு. முகத்தில் ஒரு பாதி என்ஜின், மற்றப் பாதியில் சாரதிக்கு மட்டும் ஒரு கூடு. அந்தக் கூட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவில் சுவர்.

மாஸ்டர் வந்து பார்த்தார். தகரத்தைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு விம்மி விம்மி அழத் தொடங்கினார்.

"ஹாஜியார், இது ஆரெண்டு தெரியுமோ?"

"பஸ்" என்றார் ஹாஜியார், பயந்துபோய்.

"இந்தக் கையாலை நான் பூட்டின பொடி! அந்த வளைவைப் பாருங்கோ! அரை அங்குலம் பிசகியிருக்கோ?"

ஹாஜியாருக்கு வளைவும் தெரியவில்லை, பிசகும் தெரியவில்லை. உள்ளே இன்னும் ஒரு கோழி இருந்தது மட்டும்தான் தெரிந்தது.

ஆறு மாதம் மாஸ்டர் பஸ்ஸுக்குள்ளேயே குடியிருந்து அதை எழுப்பி நிறுத்தினார். சனங்கள் அதற்கு 'வெள்ளைக்காரி' என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்ததும் அவர் போயிருக்க வேண்டும். போகவில்லை. தினமும் அதிலேயே வந்தார். உட்காரமாட்டார். பக்கத் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றபடி வருவார். காது சும்மா இருக்கிறபோது வாய் வேலை செய்யும்.

"முதல் மரம், டீச்சர். குதிரை வண்டி செய்த தச்சனைப் பிடிச்சுத்தான் வெள்ளைக்காரன் பஸ்ஸுக்கும் பொடி கட்டினவன். பிறகு இரும்புச் சட்டம். பிறகு அலுமினியம். உலகச் சண்டை வந்துது. தகரம் வளைக்கிற ஆக்களெல்லாம் சண்டைக்குப் போயிட்டினம். பொடி எல்லாம் பிஸ்கட் பெட்டி மாதிரிச் சதுரம்! பாக்கேலாது! சண்டை முடிஞ்ச உடனை பாருங்கோ, மூலைக்கு மூலை வளைவு!"

"அப்ப எங்கடை சண்டை முடிஞ்சால் என்ன வரும் மாஸ்டர்?"

"முதல் றோட்டு வரட்டும்" என்றார்.

பாலத்தடியில் இராணுவச் சோதனை. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையாக நடக்க வேண்டும். ஒருநாள் புதிதாக வந்த ஒரு சிப்பாய் மாஸ்டரை நிறுத்தி, அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"என்ன வேலை?"

"பொடி."

சிங்களத்தில் புலிக்குக் 'கொட்டி' என்பார்கள். சிப்பாயின் காதில் எது விழுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கி மேலே வந்தது. நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மாஸ்டரோ, தன் தொழிலைப் பற்றி ஒருவன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்தது. குந்தியிருந்து, சிப்பாயின் சப்பாத்துக்கு முன்னால் மணலில் ஒரு பஸ்ஸைக் கீறினார். சிங்களத்தில் குதிரை வண்டியில் தொடங்கினார். ஆங்கிலத்தில் இரும்புச் சட்டத்துக்கு வந்தார். அதிகாரி ஓடிவந்தார். அதிகாரிக்காக மறுபடியும் குதிரை வண்டியிலிருந்து. வெயில் ஏறியது. அலுமினியத்துக்கு வருமுன் அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"யண்ட! யண்ட! போ! எல்லாரும் போ!"

அன்றிலிருந்து மாஸ்டரைக் கண்டாலே அந்தச் சோதனைச் சாவடி வழிவிடும். மற்ற வாகனங்கள் மணிக்கணக்காகக் காய, வெள்ளைக்காரி மட்டும் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போகும். அவருக்குப் பக்கத்தில் நிற்பதற்கு எங்களுக்குள் அடிபிடி!

அவருக்கும் ஹாஜியாருக்கும் ஒரேயொரு முறைதான் தகராறு வந்தது. பஸ்ஸின் பின்சுவர் நடுவில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து யாரும் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை.

"மாஸ்டர், அந்தக் கதவ அடைச்சி ஒரு நீட்டு சீட் போடுங்க. சனம் நிண்டுக்கிட்டே வருது, பாவம். ஆறு பேர் இருப்பாங்க" என்றார் ஹாஜியார்.

"அது அவசரக் கதவு. அதை அடைச்சால் இது பொடியில்லை, பெட்டி!"

"நான் பஸ்ஸுக்கு முதலாளியா, நீங்களா?"

மாஸ்டர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் உள்பக்கம் கதவை மறைத்துத் தகரம் அடித்து, சீற்றைப் போட்டார். கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சொகுசாக இருந்து வந்தார்கள். கதவை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அந்த வருடத்து மாரி, மழையா அது! வானம் உடைந்து கொட்டியது. ஒரு காலை, பாப்பாமோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், றோட்டின் இடது ஓரம் அப்படியே கரைந்து போக, வெள்ளைக்காரி சரிந்து வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தினாள். ஏறி இறங்குகிற வாசல் இடது பக்கம். அது தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. கண்ணாடிகள் எப்போதோ உடைந்துபோனதால் யன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்திருந்தது. சாரதி தன் கூட்டுக்குள்ளால் ஏறி வெளியே குதித்துவிட்டார். எங்களுக்கு அந்த வழியில்லை, நடுவில் சுவர்.

உள்ளே நாற்பது பேர். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய், பிள்ளையை யன்னல் கம்பிக்குள்ளால் வெளியே கொடுக்கப் பார்த்தாள். பிள்ளையின் தலை நுழையவில்லை. அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

"பின்னுக்கு வாங்கோ! எல்லாரும் பின்னுக்கு!"

மாஸ்டர்! சரிந்த தரையில் ஊர்ந்து பின்சீற்றுக்குப் போய்விட்டார். "சீற்றைப் பிடிச்சு இழுங்கோ!" மூன்று ஆண்கள் பிடித்து இழுக்க, ஆறு பேர் இருக்கிற சீற் ஒரே இழுவையில் கழன்று வந்தது. அவர் தகரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"வெள்ளைக்காரன் இருக்கிறானே டீச்சர், ஒரு வழி போனால் மற்ற வழியாலை சனம் வெளியாலை வரவேணுமெண்டு..."

"ஐயோ மாஸ்டர், வரலாறு பிறகு!"

"இது வரலாறில்லை டீச்சர், கதவு!"

பையில் எப்போதும் இருக்கிற சுத்தியலை எடுத்து, அதன் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினார். தகரம் கடதாசி மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கதவு. கைபிடியைத் திருப்பினார். திறந்தது!

வெளிச்சமும் மழையும் ஒன்றாக உள்ளே விழுந்தன. முதலில் பிள்ளை, பிறகு தாய், பிறகு கிழவர்கள், பிறகு நாங்கள். சாரதியும் வயலில் நின்றவர்களும் கைகொடுத்து இழுத்தார்கள். றோட்டில் நின்று ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தோம். ஒரு ஆள் குறைந்தது.

நான் திரும்பி ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மாஸ்டர் கதவை மூடிமூடித் திறந்துகொண்டிருந்தார்.

"கேட்டியளோ டீச்சர்? பிணைச்சல் ஒரு சத்தம் போடுதோ?"

அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அதையெல்லாம் மறந்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஹாஜியார் உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார். பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு உரிந்து கிடந்த தகரத்தைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவு பெரிய தகரத்துக்கு நாலே நாலு ஆணி, மூலைக்கு ஒன்று.

"மாஸ்டர், நான் அடைக்கச் சொன்னேனே?"

"அடைச்சனான்தானே. எத்தினை ஆணியெண்டு நீங்கள் சொல்லேல்லை."

மாதத்துக்கு ஒருதரம் வெளியே இருந்து பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டதையும் அங்கேதான் ஒத்துக்கொண்டார். ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, சேற்றோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மாஸ்டர் அவருடைய தோளுக்கு மேலால் எட்டி, இழுத்தெடுக்கிறபோது கூரை நெளியக்கூடாது என்று சாரதிக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சண்டை இறுகியது. ஹாஜியார் குடும்பம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம். மாஸ்டர் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். இருக்கிறாரா, கடலோடு போய்விட்டாரா என்று ஒரு வருடம் தெரியாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கைமாறி, ஒருநாள் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அகதி முகாமிலிருந்து. எட்டுப் பக்கம். எட்டும் தமிழ்நாட்டு பஸ் பொடிகளைப் பற்றி. சாப்பிடுகிறாரா, எங்கே படுக்கிறார், யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. எட்டுப் பக்கத்தையும் அதற்காகவே இரண்டு தரம் தேடினேன்.

பதில் எழுத உட்கார்ந்தபோது, அதையெல்லாம் கேட்டால் மனிதர் மறுகடிதம் போடமாட்டார் என்று பட்டது. எழுந்து பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே நின்ற ஒரு பஸ்ஸை, சனம் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, நாலு பக்கமும் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, தகரத்தில் காதை வைத்துக் கேட்டு, வீட்டுக்கு வந்து ஒன்பது பக்கம் எழுதினேன்.